அம்பு ஒட்டிய சரக்கு

அந்தத் தெருவில் ரிஜெக்ட் என்பது கெட்ட வார்த்தை இல்லை. அடுப்பில் உலை ஏறுவதே அந்த வார்த்தையின் புண்ணியத்தில்தான். பெரிய ஆலைகள் கப்பலில் அனுப்பத் தைக்கும் சட்டையில் காஜா கொஞ்சம் கோணியிருந்தாலோ, நெசவில் ஓர் இழை விட்டுப் போயிருந்தாலோ, பரிசோதகர் அந்த இடத்தைப் பார்த்துச் சின்னதாக ஒரு சிவப்பு அம்பு ஒட்டிவிடுவார். அம்பு ஒட்டிய சட்டைக்குக் கப்பல் யோகம் அத்தோடு சரி. மூட்டை கட்டி இந்தத் தெருவுக்கு வந்துவிடும். இங்கே அம்பைப் பிய்த்து, ஓட்டையை அடைத்து, நீவி மடித்து, "ஏற்றுமதிச் சரக்குங்க, தொட்டுப் பாருங்க" என்று விற்பார்கள். பொய் ஒன்றும் இல்லை. ஏற்றுமதிக்குத் தைத்ததுதானே? கப்பல் ஏறியதா என்று வாங்குகிறவர் கேட்பதில்லை, விற்கிறவர் சொல்வதில்லை.

அம்பு பிய்க்கும் வேலையில் ஊசியக்காவை மிஞ்ச ஆள் கிடையாது. தம்பி கடையின் பின்னறையில், ஜன்னல் வெளிச்சம் விழும் இடத்தில் அவளுடைய ஸ்டூல். அவள் டார்னிங் போட்டால், ஓட்டை போட்ட பூச்சியே திரும்பி வந்தாலும் இடம் தெரியாமல் முழிக்கும். இளவயதில் கல்யாணம் ஆகி, ஆன வேகத்திலேயே அது முறிந்து, பெட்டியோடு தம்பி வீட்டு வாசலில் வந்து இறங்கியவள். ஏன் என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்தான் வைத்திருந்தாள்: "சரக்கு திரும்பிடுச்சு. ரிஜெக்ட். நம்ம தெருவுக்குத்தானே வரணும்?" கேட்டவர்கள் சிரித்துவிடுவார்கள். சிரித்த பிறகு யாரும் அடுத்த கேள்வி கேட்பதில்லை. அதற்காகத்தான் அந்தப் பதில்.

தம்பிக்குச் சந்தையில் கல்மூஞ்சி என்று பெயர். வாரச் சந்தையில் மூட்டை மூட்டையாக ரிஜெக்ட் ஏலம் போகும்போது, அவன் முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. பிடித்திருக்கிறதா, பிடிக்கவில்லையா, பசியா, பல்வலியா, எதுவும் தெரியாது. ஆனால் அந்தச் சந்தையில் முகம் பாதிதான். விலையை வாயால் பேசுகிற வழக்கம் அங்கே இல்லை. தரகர் தோளில் ஒரு துண்டு கிடக்கும். அதைக் கைகளின் மேல் போட்டு மூடிக்கொண்டு, உள்ளே ஒருவர் விரலை ஒருவர் பிடித்துத்தான் பேரம். இந்த விரல் என்றால் இவ்வளவு, இரண்டு விரல் சேர்த்துப் பிடித்தால் அவ்வளவு. சுற்றி நிற்பவனுக்கு ஒரு காசு விவரம் தெரியாது. துண்டுக்குள் பொய் விலை சொன்னவனோடு அடுத்த வாரம் யாரும் கை கோக்க மாட்டார்கள். வாய் எதை வேண்டுமானாலும் சொல்லலாம். விரல் சொன்னால் சொன்னதுதான்.

சில வருஷங்களுக்கு முன் தம்பியின் இரண்டு கிட்னியும் கையை விரித்தன. தம்பி மனைவி தன்னுடையதைத் தர முன்வந்தாள், ரத்த வகை ஒத்துவரவில்லை. அக்காவுடையது ஒத்துவந்தது. "வேண்டாம்க்கா, உனக்கு ஏதாவது ஆயிட்டா?" என்று தம்பி மூன்று மாதம் இழுத்தான். "ஏன்டா, ரெண்டு வெச்சுக்கிட்டு நான் என்ன கடையா போடப் போறேன்?" என்று அவள் ஒரே வரியில் பேரத்தை முடித்தாள். அன்றிலிருந்து அந்தக் கிட்னிக்கு வீட்டில் 'நாத்தனார்' என்று பெயர். பெயர் வைத்தவள் தம்பி மனைவி. "நாத்தனார் வெளியிலயும் இருக்காங்க, இவருக்கு உள்ளயும் இருக்காங்க, நான் எங்கதான் போவேன்?" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் புலம்புவாள். புலம்பிக்கொண்டே உப்பில்லாத சமையலை இருவர் தட்டிலும் சமமாக வைப்பாள்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டியில்தான் அந்த ரத்தப் பரிசோதனை வந்து குறுக்கே நின்றது.

டாக்டரம்மா சின்ன வயசுக்காரி, பொறுமைசாலி. கணினியைத் திருப்பிக் காட்டினாள். அக்காவும் தம்பியும் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார்கள்.

"போன தடவை இல்லாத ஒன்னு இந்தத் தடவை ரத்தத்துல வந்திருக்கு. ஆன்டிபாடின்னு சொல்வோம். வெளியில இருந்து கிருமி வந்தா அதை அடையாளம் கண்டு ஒட்டிக்கறதுக்கு உடம்பு செய்யற பொருள். இங்க என்ன ஆயிருக்குன்னா, உங்க அக்கா குடுத்த கிட்னியையே குறி வெச்சு உடம்பு அதைச் செய்ய ஆரம்பிச்சிருக்கு. இது ரிஜெக்ஷனுக்கான அறிகுறி."

தம்பி முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அக்கா முகத்தில் எல்லாம் தெரிந்தது.

"ரிஜெக்டா?" என்றாள்.

"ஆயிடுச்சுன்னு சொல்லலை. ஆகலாம்னு..."

"அம்பு ஒட்டியாச்சு. அதானே?"

டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. ஊசியக்கா சிவப்பு அம்பின் கதையைச் சுருக்கமாகச் சொன்னாள். டாக்டரம்மா சிரித்துவிட்டாள். "சரியா சொன்னீங்கம்மா. அம்பு மாதிரிதான். அது ஒட்டினா, பின்னாடியே மத்த அணுக்கள் அந்த இடத்தைத் தாக்க வரும். வந்துடுச்சா, இன்னும் வரலையான்னு பார்க்க ஊசி போட்டு ஒரு துளி சதை எடுத்துப் பார்க்கணும். சீக்கிரம் பிடிச்சிருக்கோம், பயப்பட வேண்டாம்." அப்புறம் தம்பியின் பக்கம் திரும்பினாள். "மாத்திரை தவறாமப் போடறீங்க இல்ல? ரத்தத்துல மருந்தோட அளவு ஒரு தடவை சரியா இருக்கு, ஒரு தடவை எறங்கிக் கெடக்கு. அதான் கேக்கறேன்."

"போடறேங்க."

"ரெண்டு வேளையும்?"

"போடறேங்க."

ஊசியக்காவின் காதில் இந்தக் கேள்வியும் விழவில்லை, பதிலும் விழவில்லை. அம்பு ஒட்டியாச்சு என்பதிலேயே அவள் நின்றுவிட்டாள். அவள் வாழ்நாளில் காரணம் இல்லாமல் அம்பு ஒட்டிய சட்டையைப் பார்த்ததில்லை. தேடினால் ஓட்டை இருக்கும். ஓட்டை இல்லாவிட்டால் கறை இருக்கும்.

அன்றிலிருந்து அவள் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தாள். ஸ்டூலுக்குப் பக்கத்தில் ஒரு கூஜா. நான்கு தையலுக்கு ஒரு மடக்கு.

"அண்ணி, இப்ப எதுக்கு இவ்ளோ தண்ணி?" என்றாள் தம்பி மனைவி, கல்லாவை விட்டு எட்டிப் பார்த்து.

"மிஷின்ல உக்காந்தா அந்தக் காலத்துல எந்திரிக்கவே மாட்டேன். தண்ணியும் குடிக்க மாட்டேன். அதுலதான் கெட்டுப் போயிருக்கும்."

"எது?"

"அவனுக்குக் குடுத்தது."

"அது போய் எத்தனை வருஷம் ஆச்சு! இப்ப நீங்க இங்க தண்ணி குடிச்சா அங்க போய்ச் சேருமா? குழாயா போட்டு வெச்சிருக்கு?"

"உனக்கென்ன, பேசுவ. குறையுள்ள சரக்கைத் தலையில கட்டிட்டேன் போலிருக்கு. ரெண்டுல எது நல்லதுன்னு டாக்டர் என்னைக் கேட்கவே இல்லையே. கேட்டிருந்தா வலது பக்கத்தை எடுத்துக்கோன்னு சொல்லியிருப்பேன். இடது பக்கம் ஒருக்களிச்சுப் படுக்கற பழக்கம் எனக்கு. அமுங்கியே கெடந்திருக்கும்."

தம்பி மனைவிக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கவில்லை. கல்லாவைப் பூட்டிவிட்டு உள்ளே வந்து, மடிக்கிற சாக்கில் ஒரு சட்டையை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அண்ணி, நான் ஒன்னு சொல்லட்டுமா? உங்க கிட்னி உங்களை மாதிரிதான் இருக்கும். ஓயாம உழைக்கும், வாயும் பேசும். அதுல குறை சொல்றவங்களை நான் பார்த்துக்கறேன்."

"குறை சொல்லாம எவன் அம்பு ஒட்டுவான்? ஒரு தடவை நான் திரும்பி வந்தேன். அது என் தலையெழுத்து. என் ஒடம்புல இருந்து எடுத்துக் குடுத்ததும் திரும்பணுமா?"

அந்தக் கல்யாணத்தைப் பற்றி ஊசியக்கா சிரிப்பு இல்லாமல் பேசி தம்பி மனைவி கேட்டது அதுதான் முதல் தடவை. மடித்த சட்டையை உதறி மறுபடி மடித்தாள்.

 தம்பி காலையில் டீ கிளாசை இரண்டு கையாலும் பிடித்துக் குடிப்பான். அந்த மாத்திரை கையை நடுங்க வைக்கும், எல்லோருக்கும் தெரிந்ததுதான். பொத்தான் போட வராததால் அவனுடைய சட்டைகளுக்கெல்லாம் அக்காவே டிக் பட்டன் வைத்துக் கொடுத்திருந்தாள். அழுத்தினால் போதும். அன்றைக்கு அக்கா கூஜாவைத் தூக்கி மடக் மடக்கென்று குடிப்பதைப் பார்த்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தான். பிறகு மூட்டையைப் பிரிக்கப் போய்விட்டான்.

விஷயத்தை உடைத்தவர் தரகர். உடைக்க வேண்டும் என்று வரவில்லை. சரக்கு இறக்க வந்தார். நல்ல மனிதர், குரல் மட்டும் அடுத்த தெரு வரை போகும். டீயை வாங்கிக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தவர், பின்னறையைப் பார்த்துப் பேசினார்.

"ஊசியக்கா! உங்க தம்பி இந்த வாரமும் அடிச்சுட்டான்! ஆலைக்காரன் எவ்வளவோ ஏத்திப் பார்த்தான். இவன் புடிச்ச விரலை விடலை."

"அவன் மூஞ்சி அப்படி."

"மூஞ்சியை விடுங்க, மூஞ்சியை எவன் பார்க்கறான்? கை! முப்பது வருஷமா துண்டுக்குள்ள கை வெக்கறேன். ஆசை வந்தா விரல் சூடாகும், பயம் வந்தா ஈரமாகும், பொய் சொன்னா துடிக்கும். உங்க தம்பி கை இருக்கே, பாறை! ஒரு துளி அசைவு கிடையாது. செத்தவன் கை மாதிரி."

"வாயை அலம்புங்க" என்றாள் கல்லாவில் இருந்த தம்பி மனைவி.

"அட, புகழ்ந்தேம்மா!"

பின்னறையில் ஊசி நின்றுவிட்டது.

இன்று காலையும் அந்தக் கை டீயைத் தட்டில் சிந்தியது. நேற்றும் சிந்தியது. சந்தை நாளில் மட்டும் பாறை. சந்தை நாளில் அவன் இருட்டோடு கிளம்புகிறவன். "நீ தூங்கு, நானே போட்டுக்கறேன்" என்று மனைவியிடம் மாத்திரை டப்பாவை வாங்கிக்கொள்கிறவன். 'ஒரு தடவை சரியா இருக்கு, ஒரு தடவை எறங்கிக் கெடக்கு.' காதில் விழாமல் போன பேச்சு இப்போது நிதானமாக வந்து விழுந்தது.

தரகர் போகும்வரை பொறுத்தாள். பிறகு எழுந்து வந்து, கடையின் கதவைச் சாத்தினாள்.

"என்ன அண்ணி, பட்டப்பகல்ல?"

"நீ அந்தத் துண்டை எடு."

"எந்தத் துண்டை?"

"எதையாவது எடும்மா! துணிக்கடையில நின்னுக்கிட்டு எந்தத் துண்டுன்னு கேக்கறாளே!"

தம்பி மூட்டைக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். அக்கா அவனுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். கையை நீட்டினாள். மேலே துண்டைப் போட்டாள்.

"கையைக் குடு."

"என்னக்கா விளையாட்டு இது?"

"வாயால கேட்டா 'போடறேங்க'ன்னு சொல்லுவ. டாக்டரம்மாகிட்டயே சொன்னவன்தானே? துண்டுக்குள்ள கையைக் குடுறா."

கல்மூஞ்சி மனைவியைப் பார்த்தான். கதவைப் பார்த்தான். தப்பிக்க வழி இல்லாத வியாபாரி கடைசியாகச் சரக்கைப் பார்ப்பான். அவன் அக்காவைப் பார்த்தான். பிறகு கையை உள்ளே விட்டான். கை நடுங்கியது. மாத்திரை போட்ட நாள்.

"எத்தனை சந்தைக்குப் போடலை?"

உள்ளே அவள் விரல்களை அவன் பிடித்தான். விட்டான். மறுபடி பிடித்தான். இன்னொரு தடவை பிடித்தான். ஊசி குத்திக் காய்த்துப் போன அவளுடைய விரல்கள் ஒன்றையும் தவறவிடாமல் எண்ணின. எண்ண எண்ண அவள் கண்ணில் நீர் திரண்டது. அதைப் பார்த்துத் தம்பி மனைவி பதறினாள்.

"என்னங்க சொன்னீங்க உள்ள? என்ன அண்ணி சொன்னார்? நானும் இந்த வீட்டுலதானே இருக்கேன்!"

"இருடி." அக்கா கையை விடவில்லை. "ஏன்டா?"

இதற்கு விரல் பாஷை கிடையாது. தம்பி வாயைத் திறந்துதான் ஆக வேண்டியிருந்தது.

"மாத்திரை போட்டுட்டுப் போன மொத வாரம், கை நடுங்குச்சு. ஆலைக்காரன் சிரிச்சான். 'என்ன, ரொம்ப அவசரமா?'ன்னான். அன்னிக்கு வாங்கின சரக்குல நான் மண்ணைத்தான் தின்னேன். கை நடுங்கறவன்கிட்ட எவனும் எறங்கி வரமாட்டான்கா. ஒரு வேளைதானே, அதுவும் சந்தை அன்னிக்கு மட்டும்தானே, சரக்கு விலையில கேக்கற மாதிரி உடம்புகிட்டயும் கொஞ்சம் கழிவு கேட்டுப் பார்ப்போம்னு..."

"உடம்புகிட்டக் கழிவு கேட்டியா!"

"குடுக்கும்னு நெனச்சேன்."

"குடுத்துச்சா?"

 அவன் தலை குனிந்திருந்தது. சந்தையில் யாரும் பார்த்திராத முகம் அது. உதடு கோணி, மூக்கு சிவந்து, அவன் சின்னப் பையனாக இருந்தபோது பம்பரம் தொலைத்துவிட்டு வந்து நின்ற முகம்.

"அப்போ," என்றாள் அக்கா, மெதுவாக, "என் சரக்குல குறை இல்லை?"

"உன் சரக்குல என்னக்கா குறை? என் புத்தியிலதான். நீ கூஜா கூஜாவா தண்ணி குடிக்கறதைப் பார்க்கும்போதெல்லாம் சொல்லிடணும்னு தோணும். சொன்னா நீ என்னை விட்டுடுவியோன்னு..."

ஊசியக்கா துண்டுக்குள்ளேயே அவன் விரலை மடக்கி ஒரு திருகு திருகினாள். "ஆ!" என்று அலறினான். அதற்கப்புறம்தான் அவளுக்கு மூச்சு நேராக வந்தது.

"இப்ப பேரத்துக்கு வா. இனிமே வாரத்துல எத்தனை நாள் போடுவ?"

அவன் ஒரு விரல் குறைத்துப் பிடித்தான். பழக்க தோஷம். அவள் தலையை ஆட்டிவிட்டு அவன் கையை முழுசாக அழுத்திப் பிடித்தாள். அவன் கொஞ்சம் இழுத்துப் பார்த்தான். அவள் விடவில்லை. தம்பி மனைவி விஷயம் புரிந்து, குனிந்து, துண்டுக்கு மேலேயே இருவர் கையையும் சேர்த்து அமுக்கினாள். "முடிஞ்சுது. விலை படிஞ்சிடுச்சு. நான் சாட்சி" என்றாள்.

அடுத்த நாள் மூவரும் டாக்டரம்மாவின் முன்னால் உட்கார்ந்தார்கள். அக்காதான் பேசினாள். டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டுத் தம்பியைப் பார்த்தாள்.

"கை நடுங்குதுன்னு என்கிட்டச் சொல்லியிருந்தா போதுமே. மெதுவா கரையற மாத்திரை இருக்கு, அதுல நடுக்கம் குறைவு. மாத்திக் குடுத்திருப்பேனே. ஏன் சொல்லலை?"

"குறையைச் சொன்னா விலை எறங்கிடும்னே பழகினவன், டாக்டரம்மா" என்றாள் அக்கா. "உங்ககிட்டயும் வியாபாரம் பண்ணிட்டான்."

சதையை எடுத்துப் பார்த்தார்கள். தாக்குதல் ஆரம்பித்திருந்தது, ஆனால் ஆரம்பம்தான். ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து, ரத்தத்தை வெளியே எடுத்து, அதிலிருந்த ஆன்டிபாடியைப் பிரித்து, மறுபடி உள்ளே விட்டார்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் இதே வேலை. குழாயில் ஓடுகிற ரத்தத்தைப் பார்த்துக்கொண்டு ஊசியக்கா கட்டிலோரம் உட்கார்ந்திருப்பாள்.

"என்னக்கா பார்க்கற?"

"அம்பு பிய்க்கறாங்க. எப்படிப் பிய்க்கறாங்கன்னு பார்க்கறேன். நூல் இழுக்காம பிய்க்கணும்."

"பசை மிச்சம் இருக்கும்னு டாக்டர் சொன்னாங்க."

"இருக்கட்டும். துவைக்கத் துவைக்கப் போகும். போகலைன்னாலும் சட்டை கிழியாம இருந்தா சரி."

டாக்டரம்மா கடைசியில் சொன்னதும் ஏறக்குறைய இதுதான். ஆன்டிபாடி முழுசாகப் போகவில்லை, குறைந்திருக்கிறது. இனி ஏறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கிட்னி இன்னும் வேலை செய்கிறது. எவ்வளவு காலம் என்று யாராலும் உத்தரவாதம் எழுதித் தர முடியாது. "உத்தரவாதம் எங்க தெருவுலயும் கெடையாதும்மா" என்று ஊசியக்கா கும்பிட்டு எழுந்தாள்.

புது மாத்திரையில் நடுக்கம் குறைந்தது. போகவில்லை. துண்டுக்குள் தெரியும் அளவுக்கு இருந்தது. ஆகவே அடுத்த சந்தைக்கு, விடியுமுன்னே மனைவி கையால் மாத்திரையை வாங்கி விழுங்கிவிட்டுத் தம்பி கிளம்பியபோது, அக்காவும் செருப்பைப் போட்டாள்.

"நீ எதுக்கு?"

"சரக்கை நீ பாரு. கையை நான் குடுக்கறேன்."

சந்தை கொட்டகையில் தரகர் அவளைப் பார்த்து வாயைப் பிளந்தார். "ஊசியக்கா, நீங்களா?" என்றவர், துண்டைப் போட்டதும் வாயை மூடிக்கொண்டார். ஊசி பிடித்து உரமேறிய விரல்கள். சூடும் இல்லை, ஈரமும் இல்லை. ஆலைக்காரனுக்காகத் தரகர் ஏற்றினார், அவள் அசையவில்லை. இன்னும் ஏற்றினார், அசையவில்லை. மூட்டையைக் கிளறிப் பார்த்துவிட்டு வந்த தம்பி, 'நல்ல சரக்கு' என்று கண்ணால் காட்டிவிட்டுப் பக்கத்தில் கைகட்டி நின்றான். தரகர் இறங்க ஆரம்பித்தார். ஒரு விரல் இறங்கினார். இன்னொன்றும் இறங்கப் போகிறார் என்று அந்த விரலின் தளர்ச்சியிலேயே அவளுக்குத் தெரிந்தது. இதற்காகவே பிறந்தவளைப் போல அவள் காத்திருந்தாள்.

அப்போது தம்பி அவள் காதருகே குனிந்தான்.

"அக்கா, ஒன்னுக்கு முட்டிக்கிட்டு வருது. போயிட்டு வந்துடறேன்."

"ஏம்ப்பா, பேரம் முடியற நேரத்துலயா?" என்று தரகர் எரிந்து விழுந்தார். "இப்பதானேய்யா போயிட்டு வந்த?"

"மறுபடி வருதுங்க!"

மூட்டைகளுக்கு நடுவே, வேட்டியைப் பிடித்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் அவன் ஓடினான். ஊசியக்கா அந்த ஓட்டத்தையே பார்த்தாள். அடிவயிற்றின் ஓரத்தில், தோலுக்கு அந்தப் புறத்தில் அவளுடையது ஒன்று ஓயாமல் வேலை பார்த்துக்கொண்டிருந்தது. அவள் கை பாறைதான். ஆனால் முகம் கல் இல்லை. உதடு விரிந்தது, பல் தெரிந்தது, சிரிப்பு கண் வரைக்கும் ஏறிவிட்டது.

தரகர் முகத்தைப் பார்த்தார். முப்பது வருஷ அனுபவம், அதைச் சரக்கு பிடித்துப்போன சிரிப்பு என்றே கணக்குப் போட்டது. இறங்கப் போன விரலை நிறுத்தி, இறங்கியிருந்ததையும் திருப்பி ஏற்றி இறுக்கிப் பிடித்தார்.

"எடுத்துக்கோங்க" என்றாள் ஊசியக்கா, கொட்டகையின் கோடியையே பார்த்தபடி. "ஒரு விரல்தானே. போகட்டும்."